கொல்லைப்புறத்தில் ஒரு மலைக்குருவி

சாவதற்குள் ஒரு முறை மலைக்காட்டைப் பார்த்துவிடுவது என்று கட்டிங் மாஸ்டர் முடிவு செய்தார். மாஸ்டர் ஒன்றும் சாகும் நிலையில் இல்லை. உடம்பு கல் மாதிரி இருந்தது. ஆனால் பெரிய முடிவு ஒன்று எடுக்கும்போது 'சாவதற்குள்' என்று முன்னால் ஒரு வார்த்தை வைத்தால்தான் எடுப்பாக இருக்கும். கோட்டுக்குக் காலர் மாதிரி.

தையற்கடையை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்த பிறகு, பல் டாக்டர் நடத்தும் பறவைச் சங்கத்தில் சேர்ந்திருந்தார் மாஸ்டர். கடற்கரைச் சேற்றில் உள்ளானைப் பார்த்தாயிற்று. வயலில் கொக்கு, ஏரியில் நீர்க்காகம், முள்காட்டில் வானம்பாடி, எல்லாம் பார்த்தாயிற்று. கூச்ச சுபாவம், யாரோடும் அதிகம் பேசமாட்டார். பேசினால் அங்குலக் கணக்கில்தான் பேசுவார். அந்த நாரைக்குக் கால் இடுப்பளவைவிட நீளம், பேண்ட் தைத்தால் துணி பற்றாது என்பார். பாக்கி இருந்தது மலைக்காடு ஒன்றுதான்.

சங்கம் மலைக்காட்டுக்குப் போக ஏற்பாடு செய்தது, ஆனால் உள்ளே ஒரு ஜீப்பை மட்டுமே விடுவார்கள். அதில் கடைசியாக ஓர் இடம் மிச்சம் இருந்தது. போட்டிக்கு நின்றவர் முட்டைக்கடைக்காரர். கோழியைத் தவிர மற்ற பறவைகளை அவர் சமீபத்தில்தான் கவனிக்க ஆரம்பித்திருந்தார். ஆனாலும் தொண்டை பெரிது. இந்த ஊரில் இதுவரை யாரும் பார்க்காத பறவை ஒன்றை யார் காட்டுகிறார்களோ அவர்களுக்கு இடம் என்று டாக்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மாஸ்டரின் காதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் தையல் மெஷின் பக்கத்தில் இருந்த காது அது. எதை உள்ளே விடுவது, எதை வாசலிலேயே நிறுத்துவது என்பதற்கு அது தனிச் சட்டம் வைத்திருந்தது. மூன்றாவது தெருவில் மீன்கொத்தி கத்தினால் கேட்கும். அடுத்த அறையிலிருந்து மனைவி கூப்பிட்டால் கேட்காது. அந்த அம்மாள் முதலில் 'ஏங்க' என்பாள். கொஞ்சம் பொறுத்து 'என்னங்க' என்பாள். அப்புறம் 'உங்களைத்தான்'. கடைசியில் ஒரு பாத்திரம் கீழே விழும். அப்போது மாஸ்டர் தலையைத் தூக்கி, "என்ன சத்தம் அங்க?" என்று கேட்பார்.

மலைக்காட்டின் ஓடைக்கரையில் சீழ்க்கைக் குருவி என்று ஒன்று உண்டு. கருநீலம். வேலைவெட்டி இல்லாத மனுஷன் சீழ்க்கை அடித்துக்கொண்டு நடப்பதைப் போலவே பாடும். டாக்டர் அதன் குரலை மாஸ்டரின் செல்போனுக்கு அனுப்பியிருந்தார். காட்டுக்குப் போகுமுன் காது பழக வேண்டும் என்று மாஸ்டர் காலையும் மாலையும் அதைப் போட்டுக் கேட்டார். அதே வீட்டில் இன்னொரு ஜோடிக் காதும் பழகிக்கொண்டிருந்தது. அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு நாள் காலை, கொல்லைப்புறத்தில் சீழ்க்கைக் குருவி கூவியது.

மாஸ்டர் செருப்புக்கூடப் போடாமல் பைனாகுலரோடு பாய்ந்தார். கொல்லையில் மனைவி நனைந்த போர்வையோடு நின்றாள்.

"வந்ததுதான் வந்தீங்க, அந்த முனையைப் பிடிங்க."

"உஷ். குருவி."

"குருவி எங்கயும் ஓடாது. முதல்ல பிழிங்க."

மாஸ்டர் கண்ணை மரத்தில் வைத்துக்கொண்டு போர்வையைப் பிழிந்தார். குருவி மறுபடி கூவவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூவியது. ஓடினார். அன்று தண்ணீர் டிரம்மை நகர்த்த வேண்டியிருந்தது. அதற்கடுத்த முறை மெத்தையை வெயிலில் போட வேண்டியிருந்தது. பிறகு பரண்மேல் இருந்த இரும்புப் பெட்டியை இறக்க வேண்டியிருந்தது. மாஸ்டர் கண்ணும் கருத்துமாக யோசித்தார். ஓடைக்கரைப் பறவை இது. குழாய் ஓடும் சத்தத்தை ஓடை என்று நினைக்கிறது. கனமான சாமானை நகர்த்தினால் அடியிலிருந்து பூச்சி கிளம்பும், அதையும் மோப்பம் பிடித்து வருகிறது. ஆள் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறதே என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அப்புறம் அதற்கும் காரணம் கிடைத்தது: பாவம், கூச்ச சுபாவம். தன் ஜாதி என்று மாஸ்டருக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசமே வந்துவிட்டது.

அவர் டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் நம்பவில்லை. மழைக்காலத்தில் எப்போதாவது கீழே இறங்கும்தான், அதற்காக இத்தனை தூரமா என்றார். ஆனால் சொல்வது மாஸ்டர். துணியை அரை அங்குலம்கூடத் தப்பாக வெட்டியிராத ஆள். ஞாயிறு காலை முட்டைக்காரரையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டார்.

அன்று சாப்பிடும்போது மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். மனைவியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க?"

"குருவியைக் கேட்டுக்கிட்டா வரச் சொல்ல முடியும்?"

"அது அன்னைக்கு வரலன்னா?"

"வரலன்னா நான் பொய்யன். அந்த முட்டைக்காரர் ஊர் பூரா சொல்லிடுவார். ஜீப் போனாப் போகுது. இந்த வயசுல பொய்யன்னு பேர் வாங்கணுமா?"

அவள் கரண்டியை மறுபடி குழம்பில் விட்டாள். அப்புறம், வரும் என்றாள். ஆனால் பெரிய இடத்துப் பறவை, கொல்லை இருக்கிற இருப்புக்கு எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்ளும் என்று கேட்டாள்.

அது நியாயமாகப் பட்டது. சனிக்கிழமை முழுவதும் மாஸ்டர் உழைத்தார். சாக்கடை அடைப்பை எடுத்தார். தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். களை பிடுங்கினார். தொங்கிய கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டினார். வெடித்துக் கிடந்த தரைக்குச் சிமெண்ட் பூசினார். வருஷக்கணக்கில் 'ஏங்க' கேட்டும் நடக்காத வேலையெல்லாம் ஒரு குருவிக்காக ஒரே நாளில் நடந்து முடிந்தது.

ஞாயிறு விடிந்ததும் மூவரும் கொடியில் தொங்கிய போர்வைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் தொழிலில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்பவர். பறவை என்று வந்துவிட்டால் வாயை மூடச் சொல்பவர். முட்டைக்காரர் சிரமப்பட்டு மூடினார்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சீழ்க்கை எழுந்தது. நெளிந்து, ஏறி, பாதியில் மறந்தாற்போல் நின்றது. டாக்டர் மாஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டார். மெல்லச் செல்போனை எடுத்துக் குருவியின் குரலைப் பாதி வைத்து நிறுத்தினார். தொட்டிப் பக்கத்திலிருந்து மீதிப் பாதி வந்தது. டாக்டரின் நெற்றி சுருங்கியது. மறுபடி பாதி வைத்தார். மறுபடி மீதி வந்தது.

முட்டைக்காரருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனார். அங்கிருந்து சந்தைக் குரலில் சொன்னார்:

"டாக்டர், குருவி கையில கரண்டி வச்சிருக்கு."

மாஸ்டருக்குக் காது மடல்வரை சிவந்தது. நிலம் பிளந்தால் உள்ளே போய்விடத் தயாராக இருந்தார். அங்கே நேற்றுதான் அவரே சிமெண்ட் பூசியிருந்தார்.

மனைவி கரண்டியோடு முன்னால் வந்தாள்.

"இவர் பொய் சொல்லல டாக்டர். இவருக்கு நிஜமாவே தெரியாது. கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைதான் வத்திப்போச்சு. ஆளு அசையமாட்டார். ஒரு விசில் அடிச்சா செருப்பில்லாம ஓடி வர்றார். நான் என்ன பண்றது?"

முட்டைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை அடிக்கச் சொன்னார். அடித்தாள். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு விளக்கினார்: மலைக்கு எத்தனையோ தடவை போயாயிற்று, அந்தக் குருவி முகம் கொடுத்ததில்லை. காட்டுக்குள் செல்போனில் குரல் வைக்கக் கூடாது. வாயால் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் இந்தச் சுருதியில் கூப்பிட சங்கத்தில் ஆள் கிடையாது.

"அம்மா, ஜீப்பில ஒரு இடம் இருக்கு. நீங்க வரணும்."

மாஸ்டர் போகாதவரை யார் போனாலும் சரி என்று முட்டைக்காரர் உடனே ஒப்புக்கொண்டார். மனைவி மாஸ்டரைப் பார்த்தாள். அவர் பைனாகுலரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக, பொத்தான் பொத்தானாக.

"பெட்டி படுக்கை தூக்க ஆள் உண்டா டாக்டர்?" என்று கேட்டாள்.

ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

"அப்ப என்கிட்ட ஒருத்தர் இருக்கார்."

இப்படியாக மாஸ்டர் மலைக்காட்டைப் பார்த்தார். மூட்டைகளுக்கு நடுவே, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, மற்றவர்கள் பார்த்து முடித்த காட்டை எல்லாம் பார்த்தார்.

ஓடைக்கு மேல் ஒரு சிறிய விடுதி. மற்றவர்கள் நேராக ஓடைக்கு இறங்கினார்கள். மாஸ்டர் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது கீழே சீழ்க்கை கேட்டது. அவர் தனக்குள் சிரித்துக்கொண்டார். ஏமாறுவதற்கு வேறு ஆளைப் பார் என்றார். மறுபடி கேட்டது. அவர் அசையவில்லை. மூட்டையின் முடிச்சை அவிழ்ப்பதில் கவனமாக இருந்தார். வீட்டில் கற்ற பாடம் காட்டில் உதவுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

வெகு நேரம் கழித்து அவர்கள் ஏறி வந்தார்கள். எல்லார் முகத்திலும் விளக்கு எரிந்தது. பாறைமேல் வந்து உட்கார்ந்தது என்றார்கள். வாலை விரித்துக் காட்டியது என்றார்கள். டாக்டருக்குக் கண் கலங்கியிருந்தது. மாஸ்டர் மனைவியைத் தனியே அழைத்தார்.

"விசில் அடிச்சது நீ இல்லையா?"

"நான் வாயைக் குவிக்கிறதுக்குள்ளயே அது பாட ஆரம்பிச்சிடுச்சு. நிஜக் குருவி பாடும்போது நான் எதுக்கு அடிக்கணும்? 'ஏங்க, வாங்க'ன்னு உங்களைத்தான் கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டா குருவி பறந்துடும். மெதுவாக் கூப்பிட்டேன், பல தடவை."

மாஸ்டர் அன்று சாப்பிடவில்லை. படியில் உட்கார்ந்து, இருட்டும்வரை ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். குருவியை விட்டதுகூட வலிக்கவில்லை. அவள் மெதுவாகக் கூப்பிட்டாளே, பல தடவை, அதுதான் எங்கேயோ தைத்தது. இனிமேல் அந்தக் குரல் காதில் விழுந்த மறுகணம் அவள் முன்னால் நிற்பது என்று முடிவு செய்தார். முன்னால் 'சாவதற்குள்' என்று எதுவும் சேர்க்கவில்லை. நாளைக் காலையிலிருந்தே.

காலையில் அவள் "ஏ" என்றபோதே எழுந்துவிட்டார். "ங்க" வருவதற்குள் அவள் முன்னால் நின்றார். அவளே ஒரு நிமிஷம் மிரண்டுபோனாள். அப்புறம் விடுதிக் குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"குழாய்ல தண்ணி வரல. ஓடைக்குப் போய் ஒரு குடம் கொண்டு வாங்க. படிப் பக்கம் இறங்காதீங்க, கலங்கல். வளைவு தாண்டி பாறைப் பக்கம் போங்க. பைனாகுலர் எதுக்கு? குடத்துக்கு ரெண்டு கை வேணும்."

காது கேட்டதற்குக் கிடைத்த கூலி இதுதானா என்று முனகிக்கொண்டே மாஸ்டர் இறங்கினார். வளைவைத் தாண்டினார். குனிந்து குடத்தை நீரில் வைத்தார். நிமிர்ந்தார்.

எதிரே பாறைமேல் அது இருந்தது.

எத்தனையோ விதமான நீலத் துணியை வெட்டியிருக்கிறார். இந்த நீலம் அவர் மேசைக்கு வந்ததே இல்லை. கறுப்பு என்று நினைத்தால் நீலமாயிற்று, நீலம் என்று நினைத்தால் கறுப்பாயிற்று. அது அவரைப் பார்த்தது. பறக்கவில்லை. கழுத்தை நீட்டிப் பாட ஆரம்பித்தது. சோம்பேறித்தனமாக, பாதியை மறந்து, திரும்ப ஞாபகம் வந்து. மாஸ்டர் அதை அங்குலத்தில் அளக்கவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. பாடி முடித்து, ஒரு முறை வாலை விரித்துவிட்டு, ஓடையோடு தாழப் பறந்து மறைந்தது.

மாஸ்டர் மேட்டில் ஓடியே ஏறினார். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை. அடுப்படியில் இருந்த மனைவியிடம் போய், மூச்சு வாங்க, ரகசியமாகச் சொன்னார்.

"பார்த்துட்டேன். கை எட்டுற தூரம். எனக்கே எனக்குன்னு பாடிச்சு."

"தெரியும்" என்றாள் அவள், தீயைத் தள்ளிவிட்டுக்கொண்டே. "நேத்து சாயங்காலம் அந்தப் பாறையிலதான் உக்காந்திருந்தது. விடியும்போது போய்ப் பார்த்தேன், அப்பவும் இருந்தது. நீங்க ராத்திரி சாப்பிடலையே. குழாய்ல தண்ணி நல்லாத்தான் வருது."

அவள் திரும்பி அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"அது சரி, குடம் எங்க?"