பூட்டுக்காரனுக்கு என்னைத்தான் பிடிச்சுது

எதிர்த்துப் பேசியிருக்கேன் அண்ணே. ஏன் பேசாம? இத்தனை வருஷத்துல என் வீட்டுக்காரிகிட்ட ஒரே ஒரு தடவை "மாட்டேன்"னு சொல்லியிருக்கேன். அதுவும் ஒரு பூட்டுக்காரனுக்காக. சிரிக்காதீங்க. எதிர் வீட்டுக்காரர்ங்கிற உரிமையில கேட்டுட்டீங்க, முழுசா பதில் சொல்லிட்டுத்தான் போவேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக்னு உங்களுக்குத் தெரியும். படிச்சது ராத்திரிப் பள்ளிக்கூடம். பகல் முழுக்க வேலை, பொழுது சாஞ்சா வகுப்பு. ஆக, எனக்குத் தூங்கக் கிடைச்ச ஒரே இடம் அந்த வகுப்புதான். அங்க ஒண்ணு நல்லா கத்துக்கிட்டேன். வாத்தியார் திடீர்னு எழுப்பினா, என்ன கேட்டார்னு தெரியலைன்னாலும் "சரிங்க சார்"னுடணும். அந்தப் படிப்பை வெச்சுத்தான் குடும்பம் நடத்துறேன்.

வீட்டுக்காரிக்குக் கண்ணாடிக் கடையில கண் சோதிக்கிற வேலை. உங்களுக்கே பார்த்திருக்கா. மூக்கு மேல ஒரு சட்டத்தை மாட்டிவிட்டு, கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு, "இது தெளிவா? இல்ல, இது தெளிவா?"ன்னு கேப்பா. "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு"ங்கிற ஆளுங்களைக் கண்டா அவளுக்கு ஆகவே ஆகாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்ச்ச புருஷன் நான்.

அப்புறம் என் மச்சான், அவ தம்பி. கம்ப்யூட்டர் கேம் கம்பெனியில இருக்கான். கேம்ல வர்ற ஆளுங்க பேசுற பேச்செல்லாம் அவன் எழுதுறதுதான். அவனுக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்கும். அவனே உங்ககிட்ட சொல்லியிருக்கான், ஒளிக்க ஒண்ணுமில்ல. எங்ககிட்ட சொன்னது சில வருஷம் முன்னாடி. சமையக்கட்டுல நின்னு, தண்ணிக் குழாயைப் பார்த்துக்கிட்டே சொன்னான். அவ அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நான் "சரிடா, சாப்பிட வா"ன்னேன். அதுக்கு அப்படி ஒரு அழுகை அழுதான். நான் சொல்ற சரிக்கு மத்தவங்க கொட்டாவிதான் விடுவாங்க. அழுதது அவன் ஒருத்தன்தான்.

ஒரு ஞாயித்துக்கிழமை வந்தான். மூஞ்சி தொங்கிப் போய் இருந்துச்சு.

"என்னடா, என்ன ஆச்சு?"

"புது கேம் மாமா. இடிஞ்சு போன ஊருக்குள்ள போகணும். துணைக்கு நாலு பேர் வருவாங்க. விளையாடுறவங்க அதுல ஒருத்தரைக் காதலிக்கலாம்."

"ஊரே இடிஞ்சு கிடக்கு, இதுல காதல் வேறயா?"

"கேளுங்க மாமா. அதுல ஒரு பூட்டுக்காரன். நான் எழுதினவன். என்னை மாதிரியே அவனுக்கும் ஆம்பளைங்களத்தான் பிடிக்கும். மேனேஜர் ஒத்துக்க மாட்டேங்கிறார். ஆணோ பொண்ணோ, யாரு விளையாடினாலும் அவங்களை அவன் காதலிக்கணுமாம். வெள்ளிக்கிழமை மீட்டிங். நீங்க சொல்லுங்க. அவனை அவனா விடணுமா, மாத்திடணுமா?"

"அவனா விடு. அதான் சரி."

பையன் மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சுது. நான் தண்ணி குடிக்க உள்ள போனேன். அங்க அவ.

"ஏங்க, வெளியில வாங்குற அடி பத்தாதா? கேம்லயாவது யாரும் யாரையும் வேண்டாம்னு சொல்லாம இருக்கட்டுமே. காசு குடுத்து வாங்கி விளையாடுறவ, அங்கயும் போய் ஏமாறணுமா? யாரு வந்தாலும் அவன் ஏத்துக்கணும். என்ன சொல்றீங்க?"

யோசிச்சா அதுலயும் நியாயம் இருக்கு. "அதான் சரி"ன்னேன்.

சாப்பிட உக்காந்தோம்.

"மாமா என் கட்சிக்கா."

"போடா, அவரு என் கட்சி."

ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினாங்க. நான் தட்டுல கிடந்த உருளைக்கிழங்கை ரொம்ப அக்கறையா ஆராய்ஞ்சேன்.

"இது தெளிவா, இது தெளிவா? ஒண்ணைச் சொல்லுங்க," அவ.

"ரெண்டுமே ஒரு வகையில..."

"லிஃப்டுங்க நீங்க! எவன் பட்டனை அழுத்தினாலும் கதவு தொறக்குது!"

நான் சிரிச்சேன். தொழிலைத் தொட்டுத் திட்டினா அதுல ஒரு மரியாதை இருக்கு. ஆனா மச்சான் சிரிக்கல.

அவனைக் கீழ வரைக்கும் கொண்டு விடப் போனேன். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற பில்டிங்ல லிஃப்ட் கிடையாது, அந்தக் கொடுமை உங்களுக்கும் தெரியும். பாதிப் படியில நின்னுட்டான்.

"மாமா, அன்னைக்கு சமையக்கட்டுல என்கிட்ட ஒரு சரி சொன்னீங்களே. அதுவும் இந்தச் சரிதானா?"

இல்லைடான்னு சொல்லணும் அண்ணே. ஆனா அந்த வார்த்தை என் வாயில வந்து பழக்கமே இல்ல. வாயைத் திறந்தேன், காத்துதான் வந்துச்சு. "பரவால்ல மாமா"ன்னுட்டு இறங்கிப் போயிட்டான். அந்தப் பரவால்ல, பல்லுல மாட்டின நார் மாதிரி, வேலை பார்க்கிற இடமெல்லாம் கூடவே வந்துச்சு.

வியாழக்கிழமை சாயங்காலம் அவ அவனை வரச் சொன்னா. "ரெண்டு விதமாவும் கேமைக் கொண்டு வாடா, விளையாடிப் பார்த்துட்டுப் பேசுவோம்"னுட்டா. அவனும் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான்.

முதல்ல மேனேஜர் சொன்ன விதம். அவ விளையாடினா. இடிஞ்ச கோபுரம், பக்கத்துல நெருப்பு, நெருப்புக்குப் பக்கத்துல பூட்டுக்காரன். நல்ல தாடி. "எல்லாப் பூட்டுக்கும் என்கிட்ட சாவி இருக்கு. எனக்கான சாவி உன்கிட்ட இருக்கு"ன்னான். அவளுக்குக் கன்னம் சிவந்து போச்சு. எனக்கு வேற ஒண்ணு சிவந்துச்சு, கண்ணு.

அடுத்து நான். ஆம்பளையாவே உள்ள போனேன். அதே கோபுரம். அதே நெருப்பு. "எல்லாப் பூட்டுக்கும் என்கிட்ட சாவி இருக்கு. எனக்கான சாவி உன்கிட்ட இருக்கு."

"அடப்பாவி! இப்பத்தானடா என் பொண்டாட்டிகிட்ட சொன்னே! எத்தனை சாவிடா உனக்கு?"

பிறகு மச்சான் எழுதின விதம். மறுபடி அவ முதல்ல. பூட்டுக்காரன் நெருப்புல ஒரு விறகைத் தள்ளினான். "நீ எந்த வாசலுக்குக் கூப்பிட்டாலும் வருவேன். ஆனா என் மனசு பொண்ணுங்க பக்கம் திரும்பினதில்ல. உன் சிநேகம் மட்டும் போதும்"னான். அவ்வளவு மரியாதையா யாரும் வேண்டாம்னு சொல்லி நான் பார்த்ததில்ல.

என் முறை. அவன் எந்திரிச்சான். கையில இருந்த சாவிக் கொத்தைக் கீழ போட்டான். "எந்தப் பூட்டுக்கு முன்னாடியும் எனக்குக் கை நடுங்கினதில்ல. நீ பக்கத்துல வந்து நின்னா நடுங்குது"ன்னான்.

எனக்குக் காது சுட்டுப் போச்சு அண்ணே. எங்க போனாலும் என்னைத் தாண்டி அவளைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. முதல் தடவையா ஒருத்தன் என் பொண்டாட்டியை வேண்டாம்னுட்டு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கான்! காதல் அந்தப் பக்கம் இருக்கட்டும், ரசனைன்னு ஒண்ணு இருக்குல்ல.

அவ நாற்காலியை விட்டே எந்திரிச்சுட்டா.

"என்னை வேண்டாங்கிறானா? டேய் தம்பி, மாத்துடா அவனை! ஏங்க, சொல்லுங்க இவன்கிட்ட! மாத்தச் சொல்லுங்க!"

மச்சான் என்னைப் பார்த்தான். அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சவன் மாதிரி பார்த்தான்.

"மாட்டேன்"னேன்.

ஃபிரிட்ஜ் கூட இரையறதை நிறுத்தின மாதிரி இருந்துச்சு.

"என்ன சொன்னீங்க?"

"மாட்டேன். அவனை மாத்தக் கூடாது. பார்க்கிறவங்க எல்லாருக்கும் சொல்றதுன்னா, அவன் எனக்குச் சொன்னது யாருக்கு வேணும்? அவன் அவனாவே இருக்கட்டும். உனக்கு வேணும்னா உன்னைப் பிடிக்கிற மாதிரி வேற ஒருத்தனை எழுதச் சொல்லு."

சொல்லிட்டு, அதே சூட்டுல மச்சான் பக்கம் திரும்பினேன். சூடு ஆறிட்டா அப்புறம் வராது.

"அன்னைக்கு சமையக்கட்டுல சரி சொன்னதும் இதே வாய்தான்டா. மாட்டேன்னு தோணியிருந்தா சொல்லியிருப்பேன். தோணல. இப்பவும் தோணல."

அவன் லேப்டாப்பை மூடினான். மூக்கை உறிஞ்சினான். "சாப்பிட என்னக்கா இருக்கு?"ன்னான்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்ல பையன் விட்டுக் குடுக்கல. பூட்டுக்காரன் பூட்டுக்காரனாவே இருக்கட்டும், அந்த நாலு பேர்ல வில்லு வெச்சிருக்கிற பொண்ணு வேணும்னா யாரு வந்தாலும் காதலிக்கட்டும்னு முடிவாச்சு. "எங்க மாமா எங்க அக்காவையே எதிர்த்து நின்னாரு சார், நான் உங்களை எதிர்க்க மாட்டேனா?"ன்னு கேட்டானாம்.

நான் வீட்டுல நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தேன். பாத்திரம் கழுவும்போது கூட நிமித்தித்தான் கழுவினேன். அவளைப் பார்க்கப் பாவமா இருக்குன்னு கிட்ட போய், "மனசுல வெச்சுக்காதே, ஒரு தடவை தோத்துட்டே, அவ்வளவுதானே"ன்னேன்.

கொஞ்சம் கிட்ட வாங்க அண்ணே, இதை மெதுவாத்தான் சொல்லணும். அவ கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே என்ன சொன்னா தெரியுமா?

"நான் எங்கங்க தோத்தேன்? பூட்டுக்காரனை மாத்தவே கூடாதுன்னு முதல் நாளே நினைச்சவ நான். மாமா சொன்ன சரி நிஜமான்னு தெரியலக்கான்னு தம்பி ரொம்ப நாளா மருகிட்டு இருந்தான். நீங்க என்னை ஒரு தடவை எதிர்த்தாத்தான் அவன் உங்களை நம்புவான். எதிர்க்கணும்னா எதிர்ப் பக்கம் ஒரு ஆள் வேணும்ல? அதான் போய் உக்காந்தேன்."

"அப்போ உன்னை வேண்டாம்னு சொன்னதும் எந்திரிச்சுக் கத்தினியே, அது?"

"அது மட்டும் நிஜம்."

கல்யாணமாகி நான் ஜெயிச்ச ஒரே ஆட்டம் அண்ணே. அதுவும் அவ போட்ட ஆட்டம். கோபம் வரணும்ல? வரல. எனக்கு வேற யோசனை ஓடுச்சு. ரெண்டு கண்ணாடியை மாட்டி இதுவா அதுவான்னு பார்க்காம எதையும் ஒத்துக்காதவ. பொண்ணு பார்க்க வந்த எத்தனையோ பேரை வேண்டாம்னவ. அவ ஒரு நாள் என்னைப் பார்த்துட்டு, இது தெளிவுன்னு சொல்லியிருக்கா. அதை நினைச்சு அன்னைக்குக் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

"என்னங்க!"

அவதான்.

"என்னங்க! தம்பி முதல் தடவையா அவனோட ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கான், ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருக்காங்க! நீங்க ஜெயிச்ச கதையைச் சொல்லி முடிச்சுட்டீங்கன்னா, அந்த அண்ணன்கிட்ட நாற்காலி வாங்கிட்டு வாங்க!"

அட, ஆமா அண்ணே. நான் வந்ததே அதுக்குத்தான். குடுங்க, நானே தூக்கிக்கிறேன்.