வாயால் ஓட்டிய தையல் மெஷின்

வாய் திறந்து பேசப் பயந்துதான் நான் தையல் தொழிலுக்கே வந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதும் ஒரு பலசரக்குக் கடையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே வருகிறவர்களிடம் "என்ன வேணும்?" என்று கேட்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாளே ஓடி வந்துவிட்டேன். தையலில் அந்தத் தொல்லை இல்லை. உதட்டில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டால் யாரும் நம்மிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. (வேலை இல்லாத நேரத்திலும் கவ்விக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.) அப்படிப்பட்ட நான் குற்றாலம் கடைத்தெருவில், சீசன் கூட்டத்துக்கு நடுவே, கத்திக்கொண்டு ஓட நேர்ந்தது.

காரணம் என் மாமனார். அவருக்கு நடுக்குவாதம். வலது கை சும்மா இருக்கும்போதெல்லாம் விரல்கள் மாத்திரை உருட்டுவதுபோல உருட்டிக்கொண்டே இருக்கும். முகத்தில் சிரிப்பும் தெரியாது, கோபமும் தெரியாது. குரல் தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. நடை அதைவிட விசித்திரம். படிக்கட்டு என்றால் ஏறிவிடுவார். சமதரையில், அதிலும் ஒரு வாசலைக் கண்டுவிட்டால், கால் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும். பாளையங்கோட்டை டாக்டர் அந்த நோய்க்கு ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். பஸ் ஏறுவதற்குள் மறந்துவிட்டேன். "ஆட்டத்தைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை இருக்கு. முழுசாத் தீர்க்க இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை" என்றார். மாத்திரை ஆட்டத்தைக் கொஞ்சம் குறைத்தது, வாயை நிறைய உலர வைத்தது.

நோயைவிடப் பெரிய கஷ்டம் ஊர்ப் பேச்சு. அப்போது மதுவிலக்கு. குடிக்க வேண்டுமென்றால் ஆரியங்காவு வழியாக மலை தாண்டிக் கேரளத்துக்குப் போக வேண்டும். கை நடுங்கி, கால் பின்னி ஒருவர் நடந்தால், "ஆரியங்காவு தாண்டிப் போயிட்டு வாராவ போலுக்கு" என்று கண்ணடிப்பார்கள். மாமா தன் ஆயுளில் குடித்ததிலேயே காரமான சரக்கு சுக்குக் காப்பிதான்.

ஒருநாள் அவர் தென்காசியில் என் கடைக்கு வந்தார். வாசலில் கால் நின்றுவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல் நான் குனிந்து ஒரு திரைச்சீலையைத் தைத்துக்கொண்டிருந்தேன். நீளமான தையல். மெஷின் ஒரே சீராக 'டக்கு டக்கு டக்கு' என்று ஓடியது. நிமிர்ந்து பார்க்கிறேன், மாமா அந்தச் சத்தத்துக்குக் கால் எடுத்து வைத்து உள்ளே வந்துகொண்டிருக்கிறார்! மெஷினை நிறுத்தினேன், நின்றார். மிதித்தேன், நடந்தார்.

"மாப்ள, துணியோட என் காலையும் சேத்துத் தைக்கீரா?" என்று முணுமுணுத்தார்.

இந்த வித்தை தெரிந்த மனிதன் என்பதால்தான், என் கொழுந்தியாள் கோமதியின் கல்யாணத்தில் மாமாவை அழைத்துவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கல்யாணம் குற்றாலத்தில் ஒரு சத்திரத்தில். மாப்பிள்ளை வீட்டார் வடகரைக்காரர்கள். வயலும் தென்னந்தோப்பும் உள்ளவர்கள். முதல்நாள் ராத்திரிச் சாப்பாட்டில் மாமாவின் கையைச் சம்பந்தி பார்த்துவிட்டார். "குடிகாரன் வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன். நாளைக்கு அந்த மனுசன் மணவறைக்கு நேரா நடந்து வரட்டும், பாப்போம். இல்லன்னா பேச்சே வேற" என்று பந்தியிலேயே சொல்லிவிட்டார்.

காலையில் என் மனைவி செண்பகம் என்னைத் தனியே இழுத்தாள். "அப்பாவ முகூர்த்தத்துக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க. வெக்கப்பட்டுக்கிட்டு நின்னீங்கன்னா என் தங்கச்சி வாழ்க்கை போச்சு."

மாமா தங்கியிருந்த விடுதிக்கும் சத்திரத்துக்கும் நடுவே கடைத்தெரு மட்டும்தான். சாரலில் அருவிக்குப் போகிற கூட்டம் நெரிந்ததால் வண்டி நுழைய வழியில்லை. புதுப் பட்டு வேட்டியில் மாமா விடுதி வாசல்வரை வந்தார். நின்றார்.

"கால் வரல மாப்ள. மெஷினைப் போடும்."

"மெஷின் தென்காசியில இருக்கு மாமா."

"வாயால போடும்."

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் மீசைக்கு மட்டும் கேட்கும்படி "டக்கு டக்கு" என்றேன்.

"கேக்கல."

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். மாமா நடந்தார். மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எடை போடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு டக்கினேன். பாதித் தெருவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்போது சத்திரத்திலிருந்து நாகஸ்வரம் கேட்டது. முகூர்த்தம் தொடங்கிவிட்டது என்று பதறி என் வாய் வேகம் பிடித்தது. வாய் வேகம் பிடித்ததும் மாமாவின் கால் வேகம் பிடித்தது. உடம்பு முன்னால் சாய்ந்து, சின்னச் சின்ன எட்டாக அவர் ஓடத் தொடங்கினார். பக்கத்தில் 'டக்குடக்குடக்கு' என்று அலறிக்கொண்டு நானும் ஓடினேன்.

சத்திரத்து வாசலில் செண்பகம் நின்றாள். "இங்கன! இங்கன!" என்று கை காட்டினாள். நான் பரிதாபமாக அவளைப் பார்த்தபடியே கடந்து போனேன். சத்தத்தைச் சட்டென்று நிறுத்தினால் மாமா குப்புற விழுவார். மெஷினுக்காவது கையால் பிடித்து நிறுத்தச் சக்கரம் உண்டு. மாமாவுக்கு எதைப் பிடிப்பது?

அதற்கப்புறம் தெரு இறக்கம்.

அருவிக்குப் போகிற வழியில், உச்சி முதல் உள்ளங்கால்வரை எண்ணெய் பூசிக்கொண்டு ஒரு பெரிய உடம்புக்காரர் நின்றிருந்தார். எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். மாமா நேரே போய் அவர் வயிற்றில் மோதினார். மாமாவின் மேல் நான் மோதினேன். மூவரும் வழுக்கி உட்கார்ந்தோம். யாருக்கும் அடியில்லை.

"எண்ணெய் தேய்க்கணும்னா சொன்னாப் போதாதா அண்ணாச்சி? இப்படி ஓடியா வரணும்?" என்றார் அவர்.

எண்ணெய் சொட்டச் சொட்ட, மெல்ல டக்கி, மாமாவைச் சத்திரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். சம்பந்தி வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"விழுந்து வாரியாச்சா? நான் நேத்தே சொன்னம்லா! மாப்பிள்ளைய எழுந்திருக்கச் சொல்லுங்கவே."

மாமா ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. மணவறையில் கோமதி குனிந்திருந்தாள். மடியில் கண்ணீர் விழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உதட்டில் குண்டூசியும் இல்லை.

"குடி இல்ல, வியாதி" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது. "நடுக்குவாதம். டாக்டர் ஒரு பேரு சொன்னாவ, மறந்துட்டு. நடன்னு மூளை சொல்லுத சேதி காலுக்குப் போய்ச் சேரமாட்டேங்கு. தாளம் போட்டாச் சேரும். நீங்க மணவறை முன்னால போய் நில்லுங்க. மாமா உங்ககிட்ட நேரா வருவாவ."

"நான் எதுக்குவே அங்கன நிக்கணும்?"

"நிப்பாட்டுததுக்கு."

அவர் என்ன நினைத்தாரோ, போய் நின்றார். நான் கூடத்தின் நடுவே, முந்நூறு பேர் முன்னால் தொடங்கினேன். டக்கு. டக்கு. டக்கு. மாமா வாசல் நிலையைத் தாண்டினார். நாலாவது எட்டில் தவில்காரர் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். மாமா கோடு கிழித்ததுபோல நேராக நடந்தார். கடைசி நாலு எட்டு மட்டும் வேகம் பிடித்து, சம்பந்தியின் மார்பில் போய் விழுந்தார். சம்பந்தி இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

பின்னால் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியாது. சம்பந்திகள் பாசத்தில் தழுவிக்கொள்கிறார்கள் என்று நினைத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். மாமாவின் வாய் சம்பந்தியின் மூக்குக்கு நேரே இருந்தது. அவர் ஒருமுறை முகர்ந்தார். நம்பாமல் இன்னொரு முறை முகர்ந்தார்.

"சுக்குக் காப்பி வாசம்லா அடிக்கி!" என்றார். பிறகு குரல் தழுதழுக்க, "மன்னிக்கணும் அண்ணாச்சி."

மாமா அவர் காதில் சொன்னார்: "பாத்து. சட்டையில எண்ணெய்."

நேரம் தவறாமல் தாலி ஏறியது. பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை என்னிடம் வந்து, "கடையநல்லூர்ல எங்க கொழுந்தனாருக்கும் இப்படித்தான் தம்பி. குடின்னு சொல்லி மூணு வருசமா வாசலுக்கே விடல. நீங்க வந்து பாக்கணும்" என்றார். போனேன். பிறகு இன்னும் நாலைந்து பேர் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, மாத்திரையால் யார் வாய் அதிகம் உலர்ந்திருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். நான் மெஷினை மிதிப்பேன், ஒவ்வொருவராக நடப்பார்கள். பாளையங்கோட்டை டாக்டரே ஒருமுறை வந்து பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு போனார். மாமா அதன்பிறகு ஆறு வருஷம் நடந்தார்.

ஆனால் அந்தக் குலவை லேசில் விடவில்லை. கோமதியின் கல்யாணம் நல்லபடியாக அமைந்ததால், இரண்டு குடும்பத்திலும் அடுத்த கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனார் வேகமாக வந்து சம்பந்தியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு 'சம்பந்தி ஓட்டம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இதுவரை ஐந்து கல்யாணத்தில் நல்ல ஆரோக்கியமான மனிதர்கள் ஓடியிருக்கிறார்கள். போன ஆனியில் ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், இந்தச் சடங்கு ராஜாக்கள் காலத்திலிருந்து வருகிறது என்று எனக்கு விளக்கினார். மறுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டேன்.