கொடியில் தொங்கிய பட்டாபட்டி

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் காலிக் கொடிக்கயிறு கண்ணில் பட்டால், ஈரத்துணியைப் போடாமல் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். நானும் போகவில்லை. நான் செய்த தப்பு அவ்வளவுதான்.

அப்போது கல்யாணமான புதிது. மாமனார் கடையத்துக்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணைப் பட்டாளத்துக்காரனுக்குத்தான் கொடுப்பேன் என்றிருந்தவருக்கு வாய்த்தது, கம்ப்யூட்டரோடு மட்டும் சண்டை போடும் நான். என்னிடம் அவர் பேசியதெல்லாம் "ம்" மட்டும். (கோபம் என்றால் "ம்ம்".) எப்படியாவது அவரிடம் நல்ல பெயர் வாங்கிவிடத் தவித்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் போர் நினைவுக் கலைக் கண்காட்சி என்ற பேனரைப் பார்த்ததும், அருவியில் குளித்த கையோடு அவரையும் மனைவி செல்வியையும் அங்கே கூட்டிப்போனேன். ஒரு பழைய பங்களா. அவர்களை முன்வாசலில் இறக்கிவிட்டு, காரைப் பின்பக்கம் நிறுத்தினேன். அங்கே முற்றம் நிறையக் கொடிகள், கொடி நிறையப் பச்சைச் சட்டைகள். (வாட்ச்மேன்கள் துவைத்துப் போட்டது என்று நினைத்தேன், சத்தியமாக.) நடுவில் கொஞ்சம் இடம் காலி. டிக்கியில் மாமனாரின் ஈரமான பட்டாபட்டி டிரவுசர் கிடந்தது. மருமகனின் பொறுப்பை அவர் மெச்சட்டுமே என்று உதறிப்போட்டு, கிளிப்பும் மாட்டினேன்.

உள்ளே படங்களைப் பார்த்துவிட்டு மூவரும் முற்றத்துக்கு வந்தோம். வாசலில் ஒரு பலகை: 'வீடு திரும்பாதவர்களின் சட்டைகள். நடுவில் உள்ள வெற்றிடம், பெயர் தெரியாத வீரனுக்கு.'

அந்த வெற்றிடத்தில் நீலக்கோடு போட்ட பட்டாபட்டி படபடத்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நாலைந்து பேர் தலைகுனிந்து நின்றார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏங்க, அது அப்பாவோடதுல்லா?" என்று செல்வி என் காதைக் கடித்தாள்.

"வாயை மூடு."

கண்காட்சியை அமைத்த பெண் ஓடிவந்தார். "யாரு இதைப் போட்டது?"

நான் வானத்தைப் பார்த்தேன். மாமனார் கிட்டே போய் நாடாவைப் பிடித்துப் பார்த்தார்.

"என்னுதுதாம்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ள, நீங்களா?"

"காயட்டும்னு... மாமா..."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேம்ப்ல கொடியில இதுதாம்மா தொங்கும். ஆய்க்குடிக்காரன் ஒருத்தன், என் சேக்காளி, எப்பவும் என்னுதத்தான் எடுத்து மாட்டிக்கிடுவான். கடைசியா மாட்டிட்டுப் போனவன் திருப்பித் தரவே இல்ல."

அந்தப் பெண் கிளிப்பைக் கழற்றப் போனார்.

"இருக்கட்டும்மா," என்றார் மாமனார். "அவன் வந்து எடுத்துக்கிடட்டும்."

வீட்டுக்கு வரும்போது அது எங்களோடு வரவில்லை.

இன்றைக்கும் நான் கடையத்து வீட்டுக்குள் கால் வைத்தால் போதும். "ஏட்டி செல்வி, உன் மாப்பிள்ள வந்துட்டாரு, கொடியில கிடக்கறத உள்ள எடுத்துப் போடு! கண்காட்சிக்குக் கொண்டுட்டுப் போயிருவாரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார் மாமனார்.

"ம்" என்கிறேன் நான்.