சேர்மன் வீட்டுக் கல்யாணமும் இரண்டு கிராபிக்ஸ் கார்டும்

ஒரு காட்டில், கரண்ட் வந்து, வைஃபையும் வந்த பிறகு, தங்கப்பழம் என்ற முயல் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தது. சேர்மன் சிறுத்தை தன் மகள் கல்யாணத்தைப் படம் பிடிக்க அதைத்தான் கூப்பிட்டிருந்தார். கல்யாணம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அன்று மாலை சொந்தபந்தத்தோடு வந்து படம் பார்ப்பதாக ஏற்பாடு. படம் சரியாக ஓடாவிட்டால் சேர்மன் திட்டமாட்டார். முயலைச் சாப்பிட்டுவிடுவார்.

படமோ திக்கியது. மணப்பெண் ஒரு காலைத் தூக்குவாள், அப்படியே நிற்பாள். கம்ப்யூட்டரோடு கூடவே வந்த கிராபிக்ஸ் போதவில்லை என்று, இரண்டு ஃபேன் வைத்த புது கார்டு வாங்கிப் பொருத்தியது முயல். அப்போதும் அதே கதைதான். மதியம் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பியது.

மெக்கானிக் குரங்கு பிச்சாண்டி வந்தது. கார்டை ஓட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேரை அழித்தது, மறுபடி போட்டது, தலையைச் சொறிந்தது.

"அண்ணாச்சி, உள்ளே பழசும் புதுசும் முட்டிக்கிட்டு நிக்குது. பழசை ஆஃப் பண்ணிருவோம்."

பழசை ஆஃப் செய்து, கம்ப்யூட்டரை மறுபடி போட்டதும் திரை மொத்தமாகக் கறுத்தது.

"ஏ பாவி, கொஞ்சமாவது ஓடுச்சு. அதையும் கெடுத்திட்டியே!" என்று முயல் அழுதேவிட்டது.

குரங்கு பின்பக்கம் எட்டிப் பார்த்தது. "மானிட்டர் ஒயர் பழைய ஓட்டையிலதானே இருக்கு? புது கார்டு இத்தனை நாளா சும்மா காத்து வாங்கிட்டு இருந்திருக்கு. பிடுங்கி மாத்துங்க."

"அது ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வச்ச ஒயருடே. அடுத்த பூசை வரைக்கும் அசைக்கக் கூடாது. கார்டு மாட்டும்போதுகூட நான் அதைத் தொடலை."

"நீங்க ஒயரை அசைக்கலைன்னா, சேர்மன் உங்களை அசைச்சிருவாரு."

முயல் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒயரைப் பிடுங்கி, புது கார்டில் சொருகியது. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மணப்பெண்ணின் மீசை முடியை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

மாலையில் சேர்மன் வந்தார். கூடவே கல்யாணத்துக்கு வந்திருந்த மான், பன்றி, ஆட்டு அத்தை எல்லோரும் வந்தார்கள். ஆட்டு மாமாவை மட்டும் கல்யாணத்தன்றிலிருந்து காணவில்லை. சேர்மனே முன்னால் நின்று தேடிக்கொண்டிருந்தார்.

திரையில் மணப்பெண் மாலை மாற்றினாள். அவளுக்குப் பின்னால், ஆட்டு மாமா மொய்க் கவரோடு சமையல் கொட்டகைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சேர்மன் ஒரு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அது எங்க வீட்டுக்காரர் துண்டுல்லா?" என்று ஆட்டு அத்தை எழுந்தாள்.

சேர்மன் முயல் பக்கம் குனிந்தார். "ஏலே தங்கப்பழம், படம் எதுக்குலே இம்புட்டுத் தெளிவா இருக்கு?"

முயல் பாய்ந்து ஒயரை உருவிப் பழைய ஓட்டையிலேயே சொருகியது. திரை கறுத்தது.

"ரெண்டு கார்டும் சண்டை போட்டுக்கிட்டுச்சு அத்தை. படம் பூரா அழிஞ்சு போச்சு" என்றது.

"சே, மெஷினை நம்பவே கூடாது" என்று சேர்மன் வருத்தப்பட்டார். ஆட்டு அத்தைக்கு ஆறுதல் சொல்லி, துணைக்குத் தானே வீடுவரை கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னார். பஞ்சாயத்து விழா எல்லாவற்றுக்கும் இனி முயல்தான் வீடியோ.

நீதி: கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு இரண்டு இருப்பது நல்லது. பெரிய இடத்துப் படம் என்றால், இரண்டையும் அணைத்து வைப்பது உடம்புக்கு நல்லது.