பூட்டனாரின் கோடரி

முன்னோரைத் தேடிப் புறப்படுகிறவர்களுக்கு ஒரேயொரு புத்திமதி சொல்வேன். கிடைத்ததைச் சபையில் வாசிப்பதற்கு முன், ஒருதரம் தனியே இருந்து வாசித்துவிடுங்கள். நான் வாசிக்கவில்லை. அதனால், சாகக் கிடந்த அப்பாவின் ஒரே பெருமையை, அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கணீரென்ற குரலில் நானே ஒழித்துக்கட்டினேன்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பதுதான் வழக்கம். வீடு வளவெல்லாம் பெண்ணுக்குச் சீதனம். யாரும் இதை ஒரு குறையாக நினைப்பதில்லை, அப்பாவைத் தவிர. அம்மாவின் வீட்டில் ஐம்பது வருடம் இருந்த பிறகும், மழை பெய்தால் "ஒங்கட ஊடு ஒழுகுது" என்றுதான் சொல்வார். (ஒழுகாத நாட்களில் வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார்.)

அந்தக் குறைக்கு அவர் வைத்திருந்த மருந்து, தன் பூட்டனின் கதை. பூட்டனார் சந்தியாகு, கடற்பக்கமான எழுவான்கரையிலிருந்து ஒற்றைக் கோடரியோடு தோணியேறி, வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போனாராம். காட்டை வெட்டி வட்டை வட்டையாக வயல் ஆக்கினாராம். யாருடைய சீதனத்திலும் குந்தியிருக்காத மனிதராம். சொல்லச் சொல்லக் காடு அடர்ந்துகொண்டே வந்தது, கோடரியும் பெருத்தது.

ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட பிறகு, அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மனே, என்னப் பூட்டனுக்குப் பக்கத்தில வையுங்க. கொம்மாட ஆக்களுக்குள்ள வேணாம்."

பூட்டனார் எந்தச் சேமக்காலையில் அடக்கமாகிக் கிடக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. தேடித் தருவதாக வாக்குக் கொடுத்தேன். படுவான்கரையில் கத்தோலிக்கக் கோயில் கோயிலாக அலைந்து, சுவாமிமாரிடம் கெஞ்சி, சண்டைக்கும் கறையானுக்கும் தப்பிய பதிவுப் புத்தகங்களைப் புரட்டினேன். கடைசியில் ஒரு கோயிலில் சந்தியாகுவின் விவாகப் பதிவும் மரணப் பதிவும் அகப்பட்டன. அதே ஊரில் ஒரு தூரத்துச் சொந்தக்காரரின் பெட்டியில் காணி உறுதிப் பத்திரமும் இருந்தது. எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் பிரதி பண்ணினேன். எழுத்தைத்தான் பார்த்தேன், சங்கதியைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொந்தபந்தங்களைக் கூட்டினேன். அப்பாவைத் தலையணைகளில் சாய்த்து வைத்தோம். அவருடைய முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். எழுவான்கரைச் சந்தியாகு, படுவான்கரைப் பெண்ணை அவளுடைய ஊரிலேயே விவாகம் செய்தார். வயலும் வளவும் பெண்ணின் தாய் அவளுக்குக் கொடுத்த சீதனம். காடு வெட்டித் திருத்தியது அந்தத் தாயின் வழியினர். சந்தியாகு அடக்கம் செய்யப்பட்டது மனைவியின் குடும்பத்தார் பக்கத்தில். அறை அமைதியாகிவிட்டது. அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, கடைசி வரியை இன்னொருதரம் உரக்க வாசித்தேன்.

அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, மெதுவாகச் சொன்னார்: "அப்ப அவர் காடு வெட்ட வரல்ல. கலியாணம் முடிச்சு வந்தவர்."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஐம்பது வருடமாகக் குத்துப்பேச்சு வாங்கிய அம்மாவுக்கு அது பதில் கொடுக்கும் நேரம். அம்மாவோ குசினிக்குப் போய், டொக்டர் மறித்திருந்த சீனியைத் தாராளமாகப் போட்டு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து, குடியுங்க என்றார். எனக்கு அப்படியே போய் வாவிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது.

பிறகு அப்பா என்னோடு பேசவில்லை. ஒரு விடியற்காலை அவருடைய இடுப்புச் சாரத்தை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"மனே, நீ பொஞ்சாதி ஊட்ட போகக்குள்ள கோடரி கொண்டு போனியா?"

இல்லை என்றேன்.

"நானும் கொண்டு வரல்ல." அவருடைய நெஞ்சு குலுங்கியது. இருமல் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினேன். சிரித்திருக்கிறார். "கொம்மாட ஆக்களுக்குப் பக்கத்திலயே வையுங்க" என்றார். மாரி தொடங்குவதற்கு முன் அங்கேதான் வைத்தோம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை வந்தாலும் கோடரி எங்கே என்று கேட்காமல் உள்ளே விடுவதில்லை. போன மாதம் தங்கச்சியின் மகளைக் கட்டிய பொடியன், சூட்கேசோடு அம்மாவின் வீட்டுக்குக் குடிவந்து வாசலில் நின்று முழித்தான். கேட்டது அம்மாதான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்காமல் அவனுடைய சூட்கேசை வாங்கி உள்ளே வைத்தார்.

"கோடரி இல்லாட்டிப் பரவால்ல, மகன். மழைக்கு ஒழுகினா எங்கட ஊடு ஒழுகுதெண்டு சொல்லுங்க. எனக்கு அது போதும்."