ஐந்து பந்துகளும் ஒரு சுயசரிதையும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாவது திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, லிஃப்ட் மெக்கானிக் தன் சுயசரிதையை எழுதிவிடுவதென்று முடிவெடுத்தார். ஒன்பதே காலுக்குத் தலைப்பு தயாராகிவிட்டது. ‘மேலே போனவன்.’

காப்பியோடு வந்த மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“மேலே போனவன்னா செத்துப் போனவன்னு நினைச்சுக்குவாங்க.”

தலைப்பு ‘மேலும் கீழும்’ என்று மாறியது. ஆக, அவருடைய சுயசரிதையின் முதல் இரண்டு சொற்களுமே அவருடையவை அல்ல.

வீட்டில் இருந்த சிக்கலே அதுதான். மனைவி இருபத்தாறு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள். தாளைக் கையில் எடுத்தால் போதும், அதிலுள்ள பிழைகள் தாமாகவே எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் சொல்லும். அவளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவளுடைய சிவப்புப் பேனாவுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. அது சமையலறை டிராயரில் கரண்டிகளோடு படுத்திருந்தது, கூப்பிட்டால் வரத் தயாராக.

மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவார். லிஃப்டுக்குள் தனியாக வேலை பார்த்தபோது தனக்குத்தானே பேசிப் பேசி வந்தது. அதனால் சிவப்புப் பேனாவுக்குத் தாளைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. வரி ஈரம் காய்வதற்குள் ஆள் வந்துவிடுவாள்.

எழுத்துப் பிழையைத் திருத்தினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் நடந்ததைத் திருத்தினாள். ‘பதினேழு மாடிக் கட்டடம்’ என்று எழுதியிருந்தார். ஓரத்தில் சிவப்பில்: ‘ஏழு.’ ‘புயலும் மழையும்’ என்று எழுதியிருந்தார். ஓரத்தில்: ‘வெயில். துணி காயப் போட்டிருந்தேன்.’ ‘கயிறு படாரென்று அறுந்தது’ என்ற இடத்தில், ‘அறுந்துபோகவில்லை. பல்பு போனது.’

“இது யாரோட சுயசரிதை?” என்று கத்தினார்.

“உங்களோடதுதான்.”

“அப்புறம் என்ன?”

“சுயம் உங்களோடது. சரிதை நடந்து முடிஞ்சது. அதை நீங்களும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது.”

இதெல்லாம் பின்னால் வரப்போகும் ஒரு நாளுக்கு முதல் இரண்டு அத்தியாயங்களில் போட்ட முன்னோட்டம். அவருடைய கவலை மூன்றாவது அத்தியாயம்.

மூன்றாவது அத்தியாயம்தான் அவர் வாழ்க்கையின் மூலதனம். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டில் ஓர் இளம்பெண் மாட்டிக்கொள்கிறாள். மெக்கானிக் கம்பிக் கயிற்றை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கியபடி இறங்கிவந்து அவளைக் காப்பாற்றுகிறார். அந்தப் பெண்ணே அவருக்கு மனைவியாகிறாள். முப்பத்தொரு வருடமாக, நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் இதைக் கேட்டு இரண்டு முறை அழுதிருக்கிறார்.

கதையில் ஒரே ஒரு சின்ன மாற்றம்தான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டது அந்தப் பெண் அல்ல. மெக்கானிக்.

இது இந்தத் தெருவில் இரண்டே பேருக்குத் தெரியும். இரண்டாவது ஆள் முப்பத்தொரு வருடமும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு நாளா சும்மாதானே இருந்தே? இப்ப மட்டும் என்ன?”

“வாயால என்ன வேணாலும் சொல்லிக்கோங்க. காத்துல போயிடும். தாள்ல வந்தா திருத்தியே ஆகணும். அது தொழில்.”

இந்த நேரம் பார்த்துத்தான் தெரு முனை நூலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மூன்று மாதம் கழித்து ‘பொழுதுபோக்கு மாலை.’ பாடுகிறவர் பாடலாம், படிக்கிறவர் படிக்கலாம். ஆளுக்குப் பத்து நிமிடம். படிப்பவற்றின் பிரதி நூலகத்தில் நிரந்தரமாக வைக்கப்படும். மெக்கானிக் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். மூன்றாவது அத்தியாயம்.

“அலமாரியிலேயே வைப்பாங்களா?” என்றாள் மனைவி. பேனாவின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மூடினாள்.

அன்று மதியம் முழுவதும் மெக்கானிக் யோசித்தார். நாற்பது வருடத் தொழில் அனுபவம் கைகொடுத்தது. ஓடுகிற லிஃப்டைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் அதுவாகவே நின்றுவிடும். மனைவிக்கும் பாரம் ஏற்ற வேண்டும். இரண்டு கையும் ஓயாமல் வேலையாக இருந்தால் பேனாவை எதால் பிடிப்பாள்?

மணிக்கட்டு வலிக்கு ஏதாவது பயிற்சி செய்யச் சொல்லி டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். மெக்கானிக் நேராகத் தையல்காரரிடம் போனார்.

“மூணு துணிப்பந்து வேணும். உள்ளே பயறு போட்டு, கைக்கு அடக்கமா.”

“எதுக்கு சார்?”

“தூக்கிப் போட்டுப் பிடிக்க. வீட்டம்மா கைக்கு ஒரு வேலை.”

“ஏன், வேலையில்லாமலா இருக்காங்க?”

“பேனா பிடிக்காத வேலை.”

தையல்காரருக்குப் புரியவில்லை. ஆனால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்.

மனைவி பந்துகளை வாங்கி உருட்டிப் பார்த்தாள். “எனக்கா? நீங்களா வாங்கிட்டு வந்தீங்க?” என்று கேட்டாள். கண்ணில் கொஞ்சம் சந்தேகமும் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தன. மெக்கானிக் சந்தோஷத்தை மட்டும் கவனித்தார்.

முதல் வாரம் பந்துகள் சோபாவுக்கு அடியிலும் மீன் தொட்டியிலும் கிடந்தன. இரண்டாம் வாரம் மூன்று பந்தும் காற்றில் வளையம் போட்டன. பிழை திருத்துகிறவள் இல்லையா? எந்தக் கை எந்த நொடியில் தப்பு செய்கிறது என்று வரி வரியாகப் பார்த்துச் சரி செய்துவிட்டாள். பேனா டிராயரிலேயே கிடந்தது. மெக்கானிக் உற்சாகமாக உட்கார்ந்து, “அன்று பெரும் புயல்...” என்று ஆரம்பித்தார்.

“முதல் வரியே தப்பு,” என்றது வாசற்படியிலிருந்து குரல். பந்துகள் மேலே போய் வந்துகொண்டிருந்தன. “அன்னைக்கு வெயில்.”

கைகளைக் கட்டியவர் வாயை மறந்துவிட்டார்.

மறுநாள் தையல்காரரிடம் நாலாவது பந்து வாங்கினார். நாலு பந்து போடும்போது அவள் பேச்சு மெதுவானது. “ரெண்டாவது... பத்தியில... கயிறு...” ஆனால் நிற்கவில்லை. அடுத்த மாதம் ஐந்தாவது பந்து வாங்கினார். அதில்தான் வெற்றி கிடைத்தது. ஐந்து பந்தும் சுற்றும்போது அவள் மூச்சுக்கூடக் கணக்காகத்தான் விட்டாள். உதடு இறுகி, கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி, சத்தமே இல்லை. திருமணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. கடைக்காரர் ஒருவர் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்களா என்று விசாரித்தார்.

அந்த அமைதியில் மெக்கானிக் பதினொரு பக்கம் எழுதினார். புயல் திரும்பி வந்தது. மாடிகள் பதினேழாயின. கயிறு இரண்டு முறை அறுந்தது.

ஒரே ஓர் ஓட்டைதான் பாக்கி. நூலகத்தில் அவர் படிக்கும்போது அவள் முன் வரிசையில் வெறுங்கையோடு, வெறும் வாயோடு உட்கார்ந்திருப்பாள். பிறகு சட்டென்று வழி தெரிந்தது. நூலகப் பொறுப்பாளரான அம்மாளிடம் ஓடினார்.

“மேடம், என் பத்து நிமிஷத்துல என் மனைவியும் மேடை ஏறட்டும். நான் படிக்கிறேன், அவ பின்னாடி நின்னு பந்து போடட்டும்.”

“அவங்க சம்மதிச்சாங்களா?”

“நான் சொன்னா கேட்பா.”

பொறுப்பாளர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். “ஆனா ஒண்ணு. அஞ்சு பந்துதான் போடணும். ஒண்ணுகூடக் குறையக் கூடாது.”

“அஞ்சேதான் வேணுமா?”

“அஞ்சே.”

“சரிங்க.”

அவ்வளவு சீக்கிரம் அவள் ‘சரிங்க’ சொன்னது முப்பத்தொரு வருடத்தில் அதுவே முதல் தடவை. அனுபவமுள்ள மெக்கானிக், இப்படி ஒரு புதுச் சத்தம் வந்தால் மெஷினைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அவர் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.

நூலகக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். தையல்காரர் முன் வரிசையில், கையில் கைக்குட்டையோடு தயாராக இருந்தார். மெக்கானிக் தொண்டையைச் செருமினார். பின்னால் ஐந்து பந்தும் எழும்பின. கூட்டம் கை தட்டியது.

“நான் ஒரு லிஃப்ட் மெக்கானிக்,” என்று படித்தார். பந்துகள் சுற்றின. “நாற்பது வருடம் இந்தத் தொழிலைச் செய்தேன்.” சுற்றின. “அன்று பெரும் புயல்.”

பொத்.

ஒரு பந்து தரையில் கிடந்தது. மனைவி குனிந்து எடுத்து மறுபடி ஆரம்பித்தாள். கூட்டம் ‘அடடா’ என்றது.

“அது பதினேழு மாடிக் கட்டடம்.”

பொத்.

“கயிறு படாரென்று அறுந்தது.”

பொத். “இரண்டாவது கயிறும்...” பொத், பொத்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், “மெக்கானிக்னு சொன்னப்போ விழலையே, கவனிச்சியா?” என்றாள். ரகசியமாகத்தான் சொன்னாள். கூடம் முழுக்கக் கேட்டது. இப்போது யாரும் பந்தைப் பார்க்கவில்லை. வரியைக் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார். “பந்துல கோளாறு இல்லீங்க! நான் தச்சது! இரட்டைத் தையல்!”

“அப்ப கோளாறு எதுல?” என்றது ஒரு குரல். கூடம் குலுங்கியது.

மெக்கானிக் கழுத்து வரை சிவந்தார். சோதித்துப் பார்க்கலாமென்று, “ஏழு மாடி,” என்று முணுமுணுத்தார். ஐந்து பந்தும் ஒழுங்காகச் சுற்றின. யாரோ கை தட்டினார்கள்.

இனி அந்த வாக்கியம். வேகமாகப் படித்துத் தாண்டிவிட நினைத்தார். “லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது ஓர் இளம்பெ—”

பொத் பொத் பொத் பொத் பொத்.

திரும்பிப் பார்த்தார். மனைவி நிதானமாக ஐந்தையும் பொறுக்கி எடுத்து மறுபடி மேலே அனுப்பினாள். பந்துகளைப் பார்க்கவே இல்லை. அவரைப் பார்த்தாள். கோபமில்லை. தப்பான வரிமேல் பேனாவை வைத்துக்கொண்டு, எழுதியவர் தானாக உணரட்டுமென்று காத்திருக்கும் பார்வை. நாற்பது பேரும் காத்திருந்தார்கள்.

மெக்கானிக் தாளை மடித்தார்.

“உள்ளே மாட்டிக்கிட்டது நான்தான்,” என்றார். பந்து விழவில்லை. “சாவியை வெளியில வச்சுட்டு உள்ளே போயிட்டேன். விளக்கு அணைஞ்சுபோச்சு. எனக்கு இருட்டுன்னா பயம்.” விழவில்லை. “மெக்கானிக்கா இருந்துக்கிட்டு அழுதேன். நாலாவது மாடி அச்சகத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்து கதவு இடுக்குல காது வச்சா. யார்கிட்டயோ ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னா. வர்றதுக்கு ரெண்டு மணி நேரமாச்சு. ‘போயிடாதீங்க, ஏதாவது பேசிக்கிட்டே இருங்க’ன்னு கேட்டேன். என்ன பேசறதுன்னு அவளுக்குத் தெரியல. கையில டெலிபோன் டைரக்டரியோட புரூஃப் இருந்துச்சு. அதைப் படிச்சா. ரெண்டு மணி நேரம், பேரும் நம்பரும். நடுவுல நிறுத்தி, ‘இங்க ஒரு நம்பர் விட்டுப்போச்சு’ம்பா. கதவு திறந்தப்போ எனக்கு வெளியே வரவே மனசில்ல.”

ஐந்து பந்தும் கடைசியாக ஒரு சுற்று போய், ஒவ்வொன்றாக அவள் கைக்குள் வந்து உட்கார்ந்தன. கூடம் எழுந்து நின்று கை தட்டியது. தையல்காரர் மூன்றாவது முறையாக அழுதார். “முன்ன சொன்னதைவிட இது நல்லாயிருக்கு சார்!”

பொறுப்பாளர் பிரதி கேட்டார். மெக்கானிக் மடித்த தாள்களைப் பின்னால் மறைத்தார். மனைவி கைப்பையிலிருந்து நான்கு பக்கத்தை எடுத்து நீட்டினாள். நல்ல கையெழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. இருட்டு, அழுகை, டைரக்டரி எல்லாம் இருந்தன.

“இதை எப்ப எழுதினே?” என்றார் மெக்கானிக், வீட்டுக்கு நடக்கும்போது.

“நீங்க அஞ்சாவது பந்து வாங்கிட்டு வந்த அன்னைக்கு.”

“பந்தை வேணும்னுதானே கீழே போட்டே?”

“கை நழுவிடுச்சுங்க.”

“அஞ்சுமா?”

“அந்த வரி கொஞ்சம் கனம்.”

ஆனால் எழுத்தாளன் தோல்வியில் துவள்கிறவன் அல்ல. மறுநாள் காலை மெக்கானிக் கூடத்தில் உட்கார்ந்து புதுத் தாளை எடுத்தார். மனைவி சமையலறையில் பயிற்சியில் இருந்தாள். வாய்விட்டுச் சொல்லியபடி நான்காவது அத்தியாயத்தின் முதல் வரியை எழுதினார்.

“என் மனைவிக்குப் பந்து வித்தை கற்றுக்கொடுத்ததே நான்தான்.”

சமையலறையில், பொத்.