கொட்டாஞ்சேனையில் டி செல் தூங்கிய கதை

படித்ததைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாதவனைப் பெண் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போகக் கூடாது. என் அம்மா கூட்டிப்போனார். (பாவம், பெற்ற மனம்.)

ஜெசிந்தா என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். அவர்கள் கத்தோலிக்க வேதக்காரர், நாங்கள் சைவம். அவர்களுடைய மாதா கோயில் திருநாளுக்கு, வெள்ளவத்தையில் இருந்த என்னையும் அம்மாவையும் கொட்டாஞ்சேனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தாள்.

"எனக்கு மெல்பேர்ண்ல ஒரு மாப்பிள்ளை பேசுகினம். அப்பாட்ட இண்டைக்குக் கதைச்சிடுங்கோ. நீங்க கேட்டா அவர் மறுக்கமாட்டார்," என்று வாசலிலேயே சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அவள் அப்பா, பேச்சைத் தொடக்கிவைக்கத்தான் கேட்டார். "தம்பி என்ன ஆராய்ச்சி?"

போச்சு. நான் ஒரு கட்லட்டை எடுத்து மேசை நடுவில் வைத்தேன்.

"இது டி செல் அங்கிள். உடம்பின்ர பொலிஸ். கிருமியைக் கண்ட உடனே அடிக்காது. காணுறது முதல் சிக்னல். பக்கத்துச் செல் 'ஓம், அடி' எண்டு ரெண்டாவது சிக்னலும் குடுக்கோணும். அதை வாங்க சிடி-28 எண்டு ஒரு ஏற்பி இருக்கு."

"குடுக்காட்டி?"

"மரத்துப்போய்ப் படுத்திடும். பிறகு கிருமி முன்னால வந்து நிண்டாலும் அசையாது."

ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். காலை இழுத்துக்கொண்டு, பட்டிஸ் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, அதே சிக்னலை இடையில் பறித்து பிரேக் போடும் இன்னொரு ஏற்பியையும் விளக்கினேன். புரியாணி ஆறிப்போனது. (உற்சாகத்தில் டி செல்லை நானே தின்றுவிட்டேன்.)

அங்கிள் பொறுமையாகக் கேட்டு முடித்தார். கையைத் துடைத்தார். பிறகு கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"வேற ஏதும் சொல்ல இருக்கோ தம்பி?"

இனிப்புக்கு வட்டிலப்பத் தட்டோடு வந்த ஜெசிந்தா அப்படியே நின்றாள்.

"இல்ல அங்கிள். இவ்வளவுதான்."

அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். நாங்கள் புறப்படும்வரை வெளியே வரவில்லை. பஸ்ஸில் அம்மா, "படிச்ச மடையன்," என்றார்.

ஜெசிந்தா இப்போது மெல்பேர்ணில் கணவன், பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் கொட்டாஞ்சேனை என்று பெயர்போட்ட பஸ்ஸைக் கண்டாலும் மனம் கிடந்து அடிக்கிறது. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அம்மா இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. கடைசியில் அங்கிளின் குரலில், "வேற ஏதும் சொல்ல இருக்கோ தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஓம் அங்கிள், இருக்கு. உங்கட மகளை எனக்குத் தாங்கோ.